மண்பன்றி விழித்திருந்த மத்தியானம்

கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும் என்று சிவாஜினி சொன்னாள். சொன்ன குரல் முதலில் நேர் முன்னால் இருந்தது, பிறகு வலப்பக்கமாக நகர்ந்தது, பிறகு அவளுடைய சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் மற்றவர்களின் சப்பாத்துச் சத்தங்களோடு கலந்து எது அவளுடையது என்று பிரிக்க முடியாமல் போனது. தயாபரன் நின்ற இடத்திலேயே நின்றான். முதுகுக்குப் பின்னால் தடித்த றப்பர்த் திரை உரசி அடங்கியதோடு வெளியே இருந்த மத்தியானம் முழுவதும், செப்டெம்பர் வெயிலும் ஐஸ்கிறீம் வண்டியும் தண்ணீருக்குள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்த நீர்யானையும், யாரோ விரலால் திரியை நசித்து அணைத்ததுபோல் இல்லாமல் போனது. கண் பழகிவிடும். இதை அவனுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். படக்கொட்டகையில் அக்கா சொன்னாள், பதுங்குகுழிக்குள் பக்கத்து வீட்டு வாத்தியார் சொன்னார், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷினைக் காட்டக் கூட்டிப்போன வீட்டுக்காரக் கிழவர் சொன்னார். எல்லாரும் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அவனும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கொண்டு நின்றிருக்கிறான், இப்போது வரும், இதோ வருகிறது என்று. கைகளை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கி, யாராவது பார்த்தால் சட்டையைச் சரிசெய்கிறான் என்று நினைக்கும்படி வைத்துக்கொண்டு ஓரடி நடந்தான். மரத்தாலான கைபிடி ஒன்று தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், கைபிடி எங்கேயாவது கொண்டுபோய் விடும். இன்னும் ஓரடி. எதன்மேலோ தோள் இடித்தது. மன்னிக்கவும் என்று ஜேர்மன் மொழியில் சொன்னான். பதில் இல்லை. தடவிப் பார்த்தான், தூண். தூணிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அது குளிராக, கோபமில்லாமல் இருந்தது.

சிவாஜினி திரும்பி வந்து அவன் கையைப் பிடித்தாள். இங்கே ஏன் நிற்கிறீர்கள், மண்பன்றி கடைசிக் கண்ணாடிக்குள் அல்லவா இருக்கிறது என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இழுத்தாள். இழுத்தால் நடக்கலாம். அவளுடைய கை எப்போதும்போல் கொஞ்சம் ஈரமாக, உள்ளங்கையில் சமையலறைத் தழும்போடு இருந்தது. மண்பன்றி என்பது அவள் வைத்த பெயர். இந்த ஊரார் அதை மண்ணில் இருக்கிற பன்றிக்குட்டி என்றுதான் சொல்கிறார்கள், அதைச் சுருக்கிக்கொண்டாள். அவள் சமைக்கிற சிறுவர் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இங்கே கூட்டிவரும்போது துணைக்கு அவளும் வருவாள், வந்த தடவை எல்லாம் மண்பன்றி வைக்கோலுக்குள் ஓர் இளஞ்சிவப்பு மூட்டையாகக் கிடந்தது. மற்றில்டா என்கிற ஒரு சின்னப் பெண், அது உயிருள்ளது இல்லை, பொம்மை, மிருகக்காட்சிச்சாலைக்காரர் எங்களை ஏமாற்றுகிறார்கள் என்று பள்ளி முழுக்கச் சொல்லி, பாதிப் பிள்ளைகளை நம்பவும் வைத்துவிட்டாளாம். சிவாஜினிக்கு அது பொறுக்கவில்லை. நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, வெளிச்சம் போடக் கூடாது, ஆகவே அவள் சொல்லப்போகிற சொல்தான் சாட்சி. ஒரு பராமரிப்பாளரைப் பிடித்து விசாரித்தும் வைத்திருந்தாள். காலையில் வந்தால் தூக்கம்தான், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புற்றுக்குள் தீன் வைப்போம், அந்த மணத்துக்கு எழும்பும், சனக்கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள் என்றாராம். இவ்வளவையும் ஒரு கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லி, தயாபரன் லீவு எடுத்ததே இதற்காகத்தான் என்று முடிவும் செய்துவிட்டாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை.

கண்ணாடி முன்னால் வந்துவிட்டார்கள் போல. காற்று இங்கே வேறாக இருந்தது. ஈர மண்ணும் வைக்கோலும், அடியில் மூத்திர நெடியும். சிவாஜினி பலகையில் இருந்ததை மெதுவாக வாசித்து அவனுக்குத் தமிழில் சொன்னாள், வாசிக்கக்கூடிய வெளிச்சம் அங்கே இருக்கிறது போலும். இந்த வீட்டில் பகலை இரவாக்கி வைத்திருக்கிறார்கள். மனிதர் வந்துபோகிற நேரமெல்லாம் நிலா வெளிச்சம், அவர்கள் போனபிறகு விளக்கெல்லாம் போட்டுப் பகல். ஆபிரிக்காவில் புல்வெளியும் காய்ந்த காடும்தான் இதன் இடம், மண் கிண்டுவதற்கு இளகலாக இருக்க வேண்டும், கறையானும் எறும்பும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அது கேட்பது. ஒரு வளையைத் தோண்டிக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு விட்டுப்போகும், பிறகு காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் பாம்பும் அதில் குடிவரும். வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வாடகை வாங்காமல் போகிற சீவன் என்றாள் சிவாஜினி, தங்களுடைய வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு. தயாபரன் சிரித்தான். சிரிப்பு சரியான திசையில் போயிருக்குமா என்று யோசித்தான். ஆட்கள் பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், முகம் இருக்குமிடத்தைக் குரலை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது, அவள் குனிந்து வாசிக்கிறாளா நிமிர்ந்து நிற்கிறாளா, ஒருவேளை அவளுடைய தலைக்கு மேலே யாரோ ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறானோ என்னவோ. கண்களை அகலத் திறந்தான். அகலத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். இல்லை, ஒன்றில்லை, எங்கேயோ ஒரு மூலையில் செங்கல் நிறத்தில் ஒரு கறை இருக்கிறது, அதையே பார்த்தால் அது கலைந்துபோகிறது. சிவாஜினிக்குத் தெரியாமல் போயிருந்த கண் டொக்டரின் அறையிலும் இப்படித்தான். வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், சின்னச் சின்ன வெளிச்சம் வரும், கண்டவுடன் பொத்தானை அமத்த வேண்டும் என்றார்கள். அவன் பொத்தானில் பெருவிரலை வைத்துக்கொண்டு வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தான். வெகுநேரம் வரவில்லை. மெஷின் பழுதாக்கும் என்று நினைத்து, எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டான். தாதி ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, தொடங்கிவிட்டது, வெளிச்சங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன என்றாள். நல்ல பெண். அவனுடைய மகளின் வயதுதான் இருக்கும். அந்த ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததற்காகவே அவளை அவனுக்குப் பிடித்துப்போனது.

இருட்டு என்பது எல்லாருக்கும் இருட்டுத்தான் என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். அதில் நடக்கிறவர்கள் துணிந்தவர்கள், நடக்காதவன் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று. டொக்டர் படம் கீறிக் காட்டினார். பிறவியிலேயே வருவது, விழித்திரையின் ஓரங்கள் முதலில் தேயும், இரவுப் பார்வை முதலில் போகும், பிறகு பக்கப் பார்வை, நடுப் பார்வை நிறைய வருடங்கள் இருக்கலாம், சிலருக்குக் கடைசிவரைக்கும் இருக்கும். அவன் படத்தைப் பார்க்கவில்லை. சண்டைக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்த அந்த இரவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை, தெரு நிறையச் சனம், வெளிச்சம் காட்ட வேண்டாம் என்று யாரோ கத்திக்கொண்டு போகிறார்கள், அவன் அப்பாவின் சைக்கிள் கரியரைப் பிடித்தபடி நடக்கிறான். கரியரில் கட்டியிருந்த சாக்குக்குள் சட்டி பானை சத்தம் போடுகிறது. வளர்ந்த பொடியன் இப்படிப் பயந்து சாகிறானே என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். மற்றப் பொடியன்கள் எல்லாம் ஆளுக்கொரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெள்ளத்தையும் பள்ளத்தையும் விலக்கி விலக்கி நடந்தார்கள், அவனால் கரியரை விட முடியவில்லை. கரியரை விட்டால் உலகம் முடிந்தது. அந்த இரவுக்காக அவன் தன்னை எத்தனை வருடம் வெறுத்திருக்கிறான். அந்த வெறுப்புக்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது முதலில் வந்தது பயமில்லை, வேறென்னவோ, யாரையாவது கூப்பிட்டு, அப்பா இருந்திருந்தால் அப்பாவைக் கூப்பிட்டு, நான் பயப்படவில்லையாம் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. பயம் பிறகுதான் வந்தது, வானை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைக் கையில் எடுத்தபோது. பேக்கரி வான். விடியுமுன் பாண் ஏற்றிக்கொண்டு வயோதிபர் இல்லங்களுக்கும் கன்ரீன்களுக்கும் போவான். போன பனிக்காலத்தில் ஒரு வளைவில் சைக்கிள்காரி ஒருத்தி எங்கிருந்து வந்தாள் என்று தெரியாமல் வந்து, அவன் பிரேக்கை மிதித்து, அவள் வானின் மூக்கில் உள்ளங்கையால் ஓங்கி அடித்துவிட்டுப் போனாள். அந்த அடி இன்னும் காதில் இருக்கிறது. எங்கிருந்தும் வரவில்லை அவள். நேர் பக்கத்தில்தான் வந்திருப்பாள். வெளிச்சங்கள் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. இனி ஓட்டக் கூடாது என்றார் டொக்டர், இரவில் மட்டுமில்லை, எப்போதுமே. அவன் முதலாளியிடம் முதுகு நோ என்று சொன்னான், சிவாஜினியிடம் லீவு என்று சொன்னான். இன்றைக்குக் காரை விட்டுவிட்டு ட்ராமில் போவோம், அங்கே நிறுத்த இடம் கிடைக்காது என்றான். அவள் ட்ராமில் யன்னல் பக்கம் இருந்து, விடுமுறைக்குப் போகிற பிள்ளைபோல் வந்தாள்.

சொல்லிவிடலாம். எத்தனை தரம் வாயெடுத்தான். வேலையைப் பற்றி என்றால் சொல்லிவிடலாம், வேறு வேலை தேடலாம், பேக்கரிக்கு உள்ளேயே மா குழைக்கலாம், அவள் ஒருநாள் அழுதுவிட்டு அடுத்த நாள் விண்ணப்பம் எழுத இருந்துவிடுவாள். மகளைப் பற்றி என்றாலும் சொல்லலாம், டொக்டர் கேட்டார்தான், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று, கட்டாயம் வரும் என்று இல்லை, விரும்பினால் சோதிக்கலாம் என்றார். அபிரா படிக்கிற ஊரில் இரவு பத்து மணிக்கும் சைக்கிள் ஓடித் திரிகிறாள், போனில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவாள், அவளுக்கு ஒன்றும் இல்லை, இருக்காது. வாயை அடைப்பது அதுவுமில்லை. வாயை அடைப்பது பின்னேர நடை. கலியாணம் கட்டி அவள் இங்கே வந்து இறங்கிய முதல் மாரிகாலம், நாலரைக்கே இருட்டிவிடும் காலம், வேலை முடிந்து இரண்டு பேரும் ஆற்றங்கரையால் நடப்பார்கள், தெருவிளக்கு முடிகிற இடத்தில் அவன் அவளுடைய கையைப் பிடிப்பான். பிடித்தால் விட மாட்டான். முன்பின் பழகாத மனிசன் எப்படியிருப்பானோ என்று பயந்து வந்த பிள்ளை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாட்டையும் அவனையும் நம்பத் தொடங்கினாள். தன் தங்கைக்குப் போனில் சொல்வதை அவன் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறான். கதை பேச்சு குறைவு, ஆனால் பொழுதுபட்டால் கையை விட மாட்டார் என்று. சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பின்மேல் அவர்கள் இருபது வருடத்துக்கு மேலாக வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். இப்போது அவன் வாயைத் திறந்தால் அவள் ஒவ்வொரு பின்னேரமாகத் திரும்பிப் போவாள், ஆற்றங்கரை, ரயில் நிலையம், கோயில் தேரன்று வாகனத் தரிப்பிடம், ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இதுவும் இதற்குத்தானா, இதுவும் இதற்குத்தானா என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால் பொய். ஓம் என்று சொன்னாலும் பொய். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று அவனுக்கே தெரியாதபோது என்ன சொல்வது.

கண்ணாடிக்கு அப்பால் ஏதோ இரும்புக் கதவு திறந்து மூடியது. தீன் வைக்கிறார்கள் என்று சிவாஜினி கிசுகிசுத்தாள், பிறகு அவனுடைய கையை விட்டுவிட்டாள், இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்து முகத்தை ஒட்டிக்கொண்டிருப்பாள், அவளுடைய மூச்சு கண்ணாடியில் பட்டுத் திரும்புவது கேட்டது. சுற்றி நின்ற கொஞ்சப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு குழந்தை ஏதோ கேட்க, தாய் உஸ் என்றாள். வைக்கோல் அசைந்தது. அசைந்ததா, அல்லது காற்றாடி மெஷினா. திரும்பவும் அசைந்தது, பாரமான ஒன்று புரண்டு, பெருமூச்சு மாதிரி ஒரு காற்றை விட்டது. "வருகுது, வருகுது," என்றாள் சிவாஜினி. பிறகு, "பாத்தீங்களே?" என்றாள். அவன் கண்ணாடி இருக்க வேண்டிய திசைக்கு முகத்தைத் திருப்பி, ஓம், நல்ல வடிவு, எவ்வளவு பெரிய காது என்றான். காதைப் பற்றி அவள் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாள். எங்கே காது தெரிந்தது என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள், அது இன்னும் படுக்கிற பெட்டிக்குள்ளேதானே கிடக்கிறது, வைக்கோல் அல்லவா அசைந்தது. அவன் கைபிடியைத் தடவினான். மரம் பலரின் கை பட்டு வழுவழுப்பாக இருந்தது. நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள், குரல் இப்போது அவனுடைய முகத்துக்கு மிகக் கிட்ட இருந்தது, அவனுடைய கண்களை அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தது, அவளால் பார்க்க முடிகிறது, இந்த நிலா வெளிச்சம் அவளுக்குப் போதும்.

"எனக்கு இருட்டிலை கண் தெரியாது," என்றான். இவ்வளவு சின்ன வசனமா அது. பகிடி விட வேண்டாம் என்று அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. அவன் சொன்னான். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, மெஷினில் தொடங்கி, தாதியிடம் போய், வானின் மூக்கில் விழுந்த அடிக்கு வந்து, இனி ஓட்டக் கூடாது என்றதைச் சொல்லி, அபிராவுக்கு ஒன்றும் இருக்காது என்பதை இரண்டு தரம் சொன்னான். எல்லாம் கிசுகிசுப்பாக, பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவன் மண்பன்றியின் வரலாறு சொல்வதுபோல் இருந்திருக்கும். எவ்வளவு காலமாக என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்தே, ஆனால் தனக்கே இப்போதுதான் தெரியும் என்றான். அவளுடைய மனம் நடக்கிற வழி அவனுக்குத் தெரியும், ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள், தெருவிளக்கு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டாள், இதோ நிற்கிறாள். "அப்ப பொழுதுபட்டா என்ரை கையைப் பிடிக்கிறது இதுக்குத்தானே?" இருட்டுக்குள் அவனுக்கு அவளுடைய முகம் தெரியாதது அந்த நேரத்தில் ஓர் உபகாரமாகவும் தண்டனையாகவும் இருந்தது. பொய் சொல்லத் தேவையான சொற்கள் எல்லாம் வாய்க்குள் வந்து நின்றன, நல்ல சொற்கள், அவள் நம்பக்கூடிய சொற்கள். "இதுக்கும்தான்," என்றான்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற குழந்தை வாய்விட்டுச் சிரித்தது. ஆட்கள் எல்லாரும் ஒருமித்து மூச்சை இழுத்தார்கள். சிமெந்தில் நகம் உரசுகிற சத்தம், பாரமாக, அவசரமில்லாமல், நாலைந்து வாரியல்கள் சேர்ந்து கூட்டுவதுபோல். அது எழும்பிவிட்டது. சிவாஜினியின் குரல் மட்டும் இன்னும் அவனுடைய முகத்துக்கு நேரே இருந்தது, அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே போவோம் என்றாள், மூக்கை உறிஞ்சினாள், வெளியே போய் வெளிச்சத்தில் பேசுவோம். அவளுடைய தோளைத் தேடிப் பிடித்து, மெதுவாகத் திருப்பிவிட்டான். இத்தனை தரம் வந்தும் தூங்கிக்கொண்டிருந்த சீவன், இன்றைக்கென்று எழும்பியிருக்கிறது, இதை விட்டுவிட்டுப் போய் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது. "நீர் பாரும். பாத்து எனக்குச் சொல்லும்." அவளுடைய தோள் அவன் கைக்குள் ஒருமுறை குலுங்கியது. பிறகு கண்ணாடிப் பக்கம் நிமிர்ந்தது.

பன்றிதான், ஆனால் பன்றி இல்லை என்றாள். காது கழுதைக்கு உரியது, வால் கங்காருவிடம் வாங்கியது, மூக்கு நீண்டு நுனியில் தட்டையாக, மா பிசைந்த கையால் யாரோ இழுத்துவிட்டதுபோல். முதுகு வளைந்திருக்கிறது. மயிர் குறைவு, தோல் சுருக்கம், குளித்துவிட்டு வந்த கிழவர் மாதிரி. இப்போது நடக்கிறது, நேரே நடக்கவில்லை, மூக்கை நிலத்தில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து, விழுந்த ஊசியைத் தேடுகிற ஆள்போல். அவனுக்கு அது கேட்டது, மூக்கு மண்ணை உறிஞ்சுகிற ஈரச் சத்தம், அவள் சொல்வதற்கு ஒரு கணம் முன்னாலேயே கேட்டது, அது திரும்பும்போது கேட்டது, நின்று காதை அசைத்தபோது கேட்டதுபோலக்கூட இருந்தது. பிறகு புற்றைக் கிண்டத் தொடங்கியது. அவன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். ஒவ்வொரு கிண்டலும் கண்ணாடி வழியாகக் கைக்குள் இறங்கியது. அம்மாடி, என்ன பலம், முன்னங்காலால் வாரிப் பின்னுக்கு எறிகிறது, மண் வந்து கண்ணாடியில் தெறிக்கிறது என்றாள், அவள் குரலில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற தாளம் வந்துவிட்டது. நாக்கு நூல் மாதிரி, ஒரு சாண் வரும், புற்றின் ஓட்டைக்குள் விடுகிறது, எடுக்கிறது. அவனுடைய மற்றக் கை எப்போது அவளுடைய கைக்குள் போனது என்று அவன் கவனிக்கவில்லை. பிடித்தது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அமைதியானது. நகச் சத்தம் தூரப் போனது, மரப் பெட்டியின் விளிம்பில் பாரம் ஏறி இறங்கியது, வைக்கோல் ஒருமுறை பெரிதாக, ஒருமுறை சின்னதாக அசைந்து நின்றது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு தாய் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போக, றப்பர்த் திரை உரசி உரசி அடங்கியது. அது படுத்துவிட்டது, தயாபரனுக்குத் தெரிந்தது. சிவாஜினி நிறுத்தவில்லை. இப்போது கட்டையின் பக்கம் போகிறது என்றாள். ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்க்கிறது, வேண்டாம் என்று இறக்குகிறது. இப்போது எங்கள் பக்கம் திரும்புகிறது, இதோ வருகிறது, ஆறுதலாக வருகிறது என்றாள். அவளுடைய கண்ணீர் ஒன்று அவனுடைய மணிக்கட்டில் விழுந்தது, குரலில் அதன் சுவடே இல்லை. அவன் கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல், பிறகு, பிறகு என்று கேட்டுக்கொண்டு நின்றான்.